பச்சிளங்குழந்தைக்கு மூளை ஸ்கேன் எதற்கு? அதை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன்?

நான் டாக்டர் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீஷியன். என் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். பயன் இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் சுதின் தய்யில் செய்த வேலை ஒன்றைச் சொன்னாலே விளங்கிவிடும்.

"பிறந்ததும் பிள்ளை அழவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறார்கள்" என்போமே, அந்தக் குழந்தைகளின் மூளையைத்தான் அவர் ஆராய்கிறார். பிரசவத்தையொட்டி மூளைக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் குறைந்துபோன குழந்தைகள் இவர்கள். பிறந்து 6 மணி நேரத்துக்குள் உடம்பை 33-34 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்கும் சிகிச்சை மேலைநாடுகளில் இவர்களுக்கு நல்ல பலன் கொடுத்தது. பிரிட்டனில் இந்தச் சிகிச்சையைச் சோதித்த டோபி ஆய்வு 2009-ல் வெளிவந்த பிறகு அங்கே இது வழக்கமாகிவிட்டது. இங்கேயும் பல ஆஸ்பத்திரிகள் செய்ய ஆரம்பித்தன.

இங்கே பலிக்கிறதா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தது தய்யிலின் குழு. ஹெலிக்ஸ் என்ற அந்த ஆய்வில் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தைச் சேர்ந்த 408 குழந்தைகள் இருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியும் இலங்கையின் களனிப் பல்கலைக்கழகமும் அதில் பங்கெடுத்தன. 2021-ல் வந்த முடிவு பலரைத் தூக்கிவாரிப் போட்டது. இறப்போ, மிதமான அல்லது கடுமையான பாதிப்போ ஏற்பட்டது, குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47. இறப்பை மட்டும் எடுத்தால் 42-க்கு 31. குளிர்வித்த பக்கம்தான் அதிகம்!

ஏன் இப்படி? இங்கேதான் ஸ்கேன் வருகிறது. பிரசவத்தின் கடைசிக் கட்டத்தில் ஆக்ஸிஜன் சட்டென்று நின்றால் மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் பகுதி அடிபடும். மேலைநாட்டுக் குழந்தைகளிடம் அதிகம் பேசப்படுவது அந்த வகை. ஹெலிக்ஸ் குழந்தைகளிடம் வெண்பொருள், அதாவது மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் பாதிப்பே மேலோங்கியிருந்தது. பாதிப்பு பிறப்புக்கு முன்பே, நீண்ட நேரமாக, கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அப்படியென்றால் நாம் எண்ணும் அந்த 6 மணி நேரம் குழந்தை வெளியே வரும்போதே கடந்துபோயிருக்கும். அந்தக் குழு தென்னிந்திய அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக் கவனிப்பைச் சீர்செய்யும் 'ப்ரிவென்ட்' திட்டத்தில் இறங்கியது. எனக்கு அது சரியான திசையாகத்தான் படுகிறது.

அவருடைய இன்னொரு வேலை எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. அதே எம்.ஆர்.ஐ. மெஷினில் ஸ்பெக்ட்ராஸ்கோபி செய்தால் படத்தோடு மூளையின் ரசாயனத்தையும் அளக்கலாம். நரம்பணுக்களில் இருக்கும் என்-அசிட்டைல் அஸ்பார்டேட் தலாமஸில் எவ்வளவு என்று, குளிர்விப்புச் சிகிச்சை பெற்ற 223 குழந்தைகளிடம் அளந்தார்கள். இரண்டு வயதில் குழந்தை எப்படி இருக்கும் என்பதை மற்ற எம்.ஆர்.ஐ. அளவுகளைவிட அது துல்லியமாகக் காட்டியது. 2019-ல் வெளிவந்த மார்பிள் ஆய்வு இது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

படத்தைப் பார்ப்பதும் லேசில்லை. பிறந்த குழந்தையின் மூளையில் நீர் அதிகம், நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற கொழுப்பு உறை குறைவு. பெரியவர்களிடம் கறுப்பாகத் தெரிய வேண்டிய வெண்பொருள், டி2 படத்தில் வெளுத்துத் தெரியும் (டி1, டி2 என்பவை எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் இரண்டு வகைப் படங்கள்). நிறைமாதக் குழந்தையின் டி1 படத்தில், உள்ளே அரிசி மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கீற்று இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். கை காலை அசைக்கும் நரம்புகள் போகும் பாதை அது. டாக்டர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

"தம்பி, பச்சப் புள்ளைக்குக் கரண்டு ஏதும் படுமா?" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, ஷாக்கும் அடிக்காது. சத்தம்தான் பிரச்சினை. வயிறு நிறையப் பால் கொடுக்கச் சொல்லி, துணியில் இறுகச் சுற்றி, காதை அடைத்து, அதன் மேல் குட்டி இயர்மஃப் போடுவோம். பெரும்பாலும் தூங்கிவிடும். தூங்காவிட்டால் டாக்டர் சொன்னால்தான் சிரப். வெள்ளி அரைஞாண், தாயத்து, சட்டையின் பிரஸ் பட்டன் வரை கழற்றிவிடுவோம்.

பெற்றோருக்கு ஒன்று: ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதிகளை விட்டுவிடாதீர்கள், போகும்போது ஸ்கேன் சிடியையும் கையோடு எடுத்துப் போங்கள்.