என் கணவர் கொடுக்கக் கொடுக்க எனக்குப் பயம் வருகிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். 2021-ல், கொரோனா இரண்டாம் அலையில், ஆக்ஸிஜன் வைத்துத்தான் அவர் பிழைத்தார். அன்றிலிருந்து, "இந்த உயிரே கர்த்தர் போட்ட பிச்சை" என்று அள்ளிக் கொடுக்கிறார். தசமபாகத்தோடு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கோடு, நின்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சனிக்கிழமை சம்பளம் வீடு வந்து சேர்வதற்குள் பாதி போய்விடுகிறது. போன மாதம் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்ததைச் சபையின் கட்டட நிதிக்குத் தருவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். கேட்டால், "பஞ்சத்தில் கடைசி மாவையும் எலியா தீர்க்கதரிசிக்குக் கொடுத்தாளே சாறிபாத் விதவை, அவள் பானையில் மாவு குறைந்ததா?" என்கிறார்.

என் அப்பா சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டியவர். வட்டிக்காரர் வந்து வாசலில் சத்தம் போட்டதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு விசுவாசம் குறைவா, ஐயா?

– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

வட்டிக்காரரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பணம் கரையும்போது வயிறு கலங்கத்தான் செய்யும். அது உடம்பு கற்றுக்கொண்ட எச்சரிக்கை. அதை அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

உங்கள் கணவர் நல்ல மனிதர். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அவருக்கும் ஒரு பயம் இருக்குமோ என்று தோன்றுகிறது. சாவைத் தொட்டுத் திரும்பியவர்களில் சிலருக்கு, "கொடுப்பதை நிறுத்தினால் மறுபடி ஏதாவது வந்துவிடுமோ" என்ற எண்ணம் அடிமனதில் இருக்கும். அவர்களே அதை அறியமாட்டார்கள். பிழைத்த உயிருக்குத் தவணை கட்டுவதுபோல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவரிடம் கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள்: "ஒரு வாரம் கொடுக்க முடியாமல் போனால் உங்கள் மனசுக்கு என்ன ஆகுங்க?" அவர் சொல்லும் பதிலை இடையில் பேசாமல் கேளுங்கள். கர்த்தர் இலவசமாகத் திருப்பித் தந்த உயிர் அது என்று அவர் மனம் நம்பினால், கையும் நிதானப்படும்.

சாறிபாத் கதையை அவர் சொன்னால், 1 இராஜாக்கள் 17-ஐ 15-ஆம் வசனம்வரை சேர்ந்தே வாசியுங்கள். எலியாவோடு அவளும் அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள் என்று இருக்கிறது. அந்த வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கவில்லை. மாற்கு 7-இல், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். மகளின் ஃபீஸுக்கும் இது பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

வாரச் சம்பளக்காரர்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு வசனமும் உண்டு. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது, வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கும்படி பவுல் சொன்னார் (1 கொரிந்தியர் 16:2). கூட்டத்தின் நடுவில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து, வாடகை, மளிகை, படிப்பு போக, கொடுப்பதற்கென்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அதில் ஒரு சிறு தொகையை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் முடிவாக இருக்கட்டும். இதுவரை கொடுக்கும் இடத்தில் உங்களை யாரும் கேட்கவே இல்லை. அதனால்தான் கொடுப்பதன் சந்தோஷமும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம், கட்டட நிதி. இரண்டு பேருமாக ஆயரைத் தனியாகப் பார்த்து, ஃபீஸ் கட்ட வேண்டியிருப்பதைச் சொல்லி, வாக்குக் கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தர அவகாசம் கேளுங்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல", மனதாரக் கொடுக்க வேண்டும் என்ற வசனம் ஆயருக்குத் தெரியாததல்ல. கணவர் இதற்குச் சம்மதிக்காமல், கடன் வாங்கியாவது கொடுப்பேன் என்றால் தள்ளிப்போடாமல் இருவரும் நேரில் ஆலோசனைக்கு வாருங்கள். மகளின் ஃபீஸை மட்டும் கடைசி தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.