சம்மதத்தை வாயால் சொல்லுங்கள், தம்பி

தம்பி, ரொறன்ரோவில் நேர்முகப் பரீட்சைக்கு என்ன உடுப்பது, சம்பளம் எவ்வளவு கேட்பது, கேள்வி கேட்பவர் முன்னால் எப்படி இருப்பது என்று மூன்று விடயங்கள் கேட்டிருக்கிறீர்கள். உடுப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததே போதும். சம்பளத்தை அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்வியை வாசித்ததும் 1994ஆம் ஆண்டுத் தை மாதம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

கென்னடி நிலையத்திலிருந்து, 2023இல் நிறுத்தப்பட்ட அந்தச் சிறிய ஸ்காபரோ ரயிலில் ஏறி, ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதும் வேலைக்காகப் போனேன். தடித்த குளிரங்கியைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் இருந்தேன். கேள்வி கேட்ட பெண்மணிக்கு என் தாயின் வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அதிபர் முன்னால் நிற்கப் பழகியபடியே கைகளைக் கட்டி, பார்வையைத் தாழ்த்தி, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நம் வழக்கப்படி தலையை இருபுறமும் மெல்ல அசைத்தேன். இரவில் வேலை செய்யச் சம்மதமா என்று அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் தலையை அசைத்தே சம்மதம் தெரிவித்தேன். வேலை கிடைக்கவில்லை. அந்த அசைவை இங்குள்ளவர்கள் மறுப்பாகவோ தயக்கமாகவோ எடுத்துக்கொள்வார்கள் என்பதை, பல மாதங்களின் பின் ஓர் ஆலோசகர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆகவே "ஆம், முடியும்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். தாழ்ந்த கண் நமக்கு மரியாதை. இங்கே அது எதையோ மறைப்பதாகத் தோன்றும். அதற்காக முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். அவர்கள் கேள்வி கேட்கும்போது முகத்தைப் பாருங்கள்; யோசிக்கும்போது பார்வை விலகுவது யாருக்கும் இயல்பு. மூவர் இருந்தால் கேள்வி கேட்டவரிடம் தொடங்கி, மற்றவர்களையும் இடையிடையே பார்த்து, அவரிடமே திரும்பி முடியுங்கள். நம்மவர்களில் பலர் வயதில் மூத்த ஆணை மட்டுமே பார்த்துப் பதில் சொல்கிறார்கள்; பக்கத்தில் இருக்கும் இளம் பெண்ணே மேலாளராக இருக்கக்கூடிய நாட்டில் இது பெரும் பிழை. அவர்கள் குனிந்து எழுதினால், சலித்துவிட்டார்கள் என்று எண்ணிப் பேச்சை நிறுத்தாதீர்கள். பல இடங்களில் பதிலுக்குப் பதில் புள்ளியிடுவதற்காகவே எழுதுகிறார்கள்.

காசு வாங்கிப் பயிற்சி நடத்தும் நம்மவர் சிலர்மேல் எனக்குக் கோபம் உண்டு. பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதமே பங்கு, மிச்சம் 93 சதவீதமும் குரலும் முகமும் உடலும் என்று அவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுத்த கணக்கு அது. ஒரு தனிச் சொல்லைச் சொல்பவரின் விருப்பையும் வெறுப்பையும் கேட்பவர் எப்படி உணர்கிறார் என்பதையே அவர் ஆராய்ந்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியும் இருக்கிறார். அந்த 93 சதவீதக் கணக்கை நம்பி, பத்து வருட அனுபவமுள்ள ஒரு பொறியியலாளர் கைகுலுக்கப் பழகுவதில் வாரங்களைச் செலவழித்துவிட்டு, தாம் செய்த வேலையை விளக்க முடியாமல் திணறியதை நேரில் கண்டேன்.

பதினைந்து ஆண்டுகளாக நானும் கேள்வி கேட்கும் கதிரையில் இருக்கிறேன். நம் பிள்ளை ஒருவர் வந்து தலையை அசைத்தால், "ஆம் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லும்வரை எழுதாமல் காத்திருப்பேன். என்னோடு இருக்கும் மற்ற இருவருக்கும் அது கேட்க வேண்டும்.