காலடிக் கணக்கு: வாட்ச் சரியா, செல்போன் சரியா?

கேள்வி: நானும் மனைவியும் தினமும் காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்த் திரும்புகிறோம். என் உயரம் 175 செ.மீ., அவருடையது 152. புதிதாக வாங்கிய என் ஸ்மார்ட் வாட்ச் 4,250 காலடி என்கிறது. அவர் கைப்பையில் கிடக்கும் செல்போன் 3,100 என்கிறது. வாட்ச் கூட்டிக் காட்டுகிறது என்று கடைக்குப் போனால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், லாஸ்பேட்டை

பதில்: கடைக்காரரிடம் சண்டையை ஒத்திப்போடுங்கள். சந்தேகப்பட வேண்டியது செல்போனைத்தான்.

கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர், போய்வர மூன்று. சாதாரணமாக நடக்கும்போது ஒரு காலடியின் நீளம் நம் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கைவிடச் சற்று அதிகம். உங்களுக்கு 72 செ.மீ. என்று வைத்தால் மூன்று கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4,200 காலடி. உங்கள் மனைவிக்கு 63 செ.மீ. என்றால் 4,700க்கு மேல் வர வேண்டும். உயரம் குறைந்தவர்தான் அதிகக் காலடி வைக்கிறார். அப்படியிருக்க அவர் கணக்கு ஆயிரம் குறைகிறது என்றால், பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது.

வாட்சுக்கும் செல்போனுக்கும் நம் கால் தெரியாது. இரண்டிலும் முடுக்கமானி என்ற நுண்ணிய சில்லு இருக்கிறது. அதனுள் மெல்லிய சுருள்களில் தொங்கும் மிகச் சிறு எடை, நாம் அசையும்போது இடம் மாறும். மேல்-கீழ், முன்-பின், இட-வலம் ஆகிய மூன்று திசைகளிலும் அந்த அசைவை ஒரு நொடிக்குப் பல முறை அளந்து, சீரான இடைவெளியில் வரும் ஏற்ற இறக்கங்களை மென்பொருள் காலடியாக எண்ணுகிறது. நடப்பவரின் வேகம் பொதுவாக நொடிக்கு இரண்டு காலடியை ஒட்டியிருப்பதால், அந்தத் தாளத்துக்குப் பொருந்தாத அசைவுகளைத் தள்ளிவிடும். பல கருவிகள் முதல் சில காலடிகளைக் கண்டுகொள்வதே இல்லை; நடைதான் என்று உறுதியான பிறகே எண்ணத் தொடங்கும். கைப்பைக்குள் கிடக்கும் செல்போன் பையோடு சேர்ந்து தன்போக்கில் ஆடுகிறது. காலின் அதிர்வு அதை அடைவதற்குள் மங்கிவிடுகிறது. அதே செல்போனை இடுப்பை ஒட்டிய பையில் வைத்து நடக்கச் சொல்லுங்கள், எண்ணிக்கை ஏறும்.

வாட்சையும் சோதித்துப் பார்த்துவிடலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் 500 காலடியை வாய்விட்டு எண்ணி நடங்கள். முன்னும் பின்னும் வாட்ச் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலடி எண்ணும் கருவிகளுக்கு ஜப்பானியத் தரம் அனுமதிப்பது 100க்கு 3 பிழை. கையில் கட்டுவதற்கு நான் 5 வரை விட்டுக்கொடுப்பேன். அதாவது 475 முதல் 525 வரை. திரும்பத் திரும்பச் சோதித்தும் 100 காலடி கூடிக் குறைந்தால் அது பழுதுதான்.

அப்போது அந்த அச்சடித்த வாசகத்துக்கு மதிப்பில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கெடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் ‘மனைவியின் செல்போனோடு ஒத்துப்போகவில்லை’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறார். வாட்ச் 90 காலடிதான் காட்டுகிறது. 10,000 ஆகவில்லையே என்று தினமும் வருந்துகிறார். விலை கூடியதாக வாங்கட்டுமா? – வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். வாக்கரைப் பிடித்த கை அசையாது. அசையாத கையில் எவ்வளவு விலைக்கு வாங்கிக் கட்டினாலும் இதே கதைதான். மெதுநடையில் அதிர்வும் குறைவு என்பதால் இடுப்பில் மாட்டினாலும் பாதி தப்பிப்போகலாம். வாட்சைக் கணுக்காலில் கட்டிப் பாருங்கள், பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பலன் தெரியும். அதைவிட எளிது, நடந்த நிமிடங்களைக் காலண்டரில் குறிப்பது.

10,000 எந்த மருத்துவர் எழுதிய சீட்டிலும் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் கருவியை விற்பதற்குப் பிடித்த எண் அது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயதும் 72தான். நாளுக்குச் சுமார் 4,400 காலடி நடந்தவர்களிடையே, 2,700 நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு எவ்வளவு நடை ஏற்றது என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: பைக்கில் கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் வாட்சில் சில நூறு காலடி ஏறிவிடுகிறது. ஏமாற்று வேலையா? – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சாலையின் குண்டும் குழியும் ஹேண்டில்பார் வழியாக மணிக்கட்டுக்கு ஏறுகிறது. துணி துவைத்தாலும் மாவு பிசைந்தாலும் இதே போல ஏறும். ஓட்டும்போது கழற்றிப் பையில் போடுங்கள்.

கேள்வி: நடந்து முடித்ததும் வாட்ச் 400 கலோரி செலவு என்கிறது. அதை நம்பி இரண்டு பரோட்டா சாப்பிடலாமா? – வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பரோட்டா உங்கள் விருப்பம், கணக்கை நம்ப வேண்டாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் எல்லாமே தோற்றன: சிறந்ததிலேயே பிழை சராசரியாக 27 சதவீதம், மோசமானதில் 93. எடை குறைய வேண்டும் என்பது நோக்கமானால் வாரம் ஒருமுறை எடை மெஷினில் ஏறிப் பாருங்கள்.