பாகூர் நெல்லும் வேப்பூர் வரகும்

ஐயா, வணக்கம். வாரத்தில் மூன்று நாள் அரிசிக்குப் பதில் வரகும் சாமையும் சமைக்கிறோம். சர்க்கரைக்காகத்தான் ஆரம்பித்தோம். சுற்றுச்சூழலுக்கும் இது நல்லது என்கிறார்கள். ஒரு வீட்டுச் சோறு மாறினால் மண்ணுக்கு என்ன ஆகிவிடும்? அப்படிப் பார்த்தால், பாகூரில் நெல் போடும் என் மாமா தப்பா செய்கிறார்?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

வணக்கம்மா.

மாமாவிடமிருந்தே தொடங்கலாம். நெல் கெட்ட பயிர் இல்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் களிமண்ணில், ஐப்பசி அடைமழையில் நெல்தான் தாக்குப்பிடிக்கும். வரகுக்கு அது ஏற்ற இடம் இல்லை. பாகூரின் சிக்கல் வேறு. ஏரி இருந்தாலும் அங்கே பெரும்பாலும் போர் தண்ணீரில்தான் நெல் விளைகிறது. ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகும். கடலோர ஊரில் அவ்வளவையும் நிலத்தடியிலிருந்து இறைத்தால், நீர்மட்டம் இறங்க இறங்க உப்புநீர் உள்ளே புகும். புதுச்சேரிக் கடலோரத்தில் இது நடந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, தண்ணீர் தேங்கிய சேற்றில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் உண்டாகிறது. ஆகவே மாமா சம்பாவில் நெல் போடட்டும். கோடைப் பட்டத்திலாவது கேழ்வரகோ உளுந்தோ போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் வரகுக்கு வருகிறேன். திட்டக்குடி, வேப்பூர் பக்கத்து மேட்டு நிலத்தில் ஆடி, ஆவணியில் விதைத்தால் மழையிலேயே விளைகிற பயிர் அது. இடையில் துவரை போடுவார்கள். வரகு மேல்மண் ஈரத்தை எடுத்துக்கொள்ளும், துவரை வேர் ஆழத்துக்குப் போகும். காற்றிலிருக்கும் தழைச்சத்தையும் துவரை மண்ணில் சேர்க்கும். வரகை அறுத்த பிறகும் துவரை நிற்பதால் மண் வெயிலில் வெறுமனே கிடக்காது. வரகு வைக்கோல் மாட்டுக்கு. யோசித்து யோசித்து அமைத்த ஏற்பாடு இது. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க வியப்புதான்.

அந்த நிலத்தில் நிறைய இடத்தை இப்போது கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. 2018-இல் படைப்புழு வந்தபோது தமிழ்நாடு முழுக்க மக்காச்சோள விவசாயிகள் தவித்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் என்றால் பூச்சிக்கு அது விருந்து. 1970-இல் அமெரிக்காவில் பெரும்பாலான மக்காச்சோளம் ஒரே தாய்வழியில் வந்த ரகங்களாக இருந்தது. ஒரு பூஞ்சை வந்து, நாட்டின் மொத்த விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோனது.

வரகை ஏன் விட்டார்கள்? மண் ஏற்கவில்லை என்றா? இல்லை. உமி நீக்குவது பெரும்பாடு, வாங்க ஆளும் இல்லை. மக்காச்சோளத்துக்கோ வியாபாரி களத்துக்கே வருகிறார். அம்மா, உங்கள் வீட்டுச் சோறு இந்த இடத்தில்தான் கணக்கில் வருகிறது. நீங்கள் அந்த வரகை வாங்கும் ஆள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வரகின் விளைச்சல் பாசன நெல்லைவிடக் குறைவு. எல்லாரும் எல்லா நாளும் வரகே சாப்பிட்டால் இன்னும் நிறைய நிலம் தேவைப்படும். வரகு மட்டும் என்று போனாலும் அதுவும் ஒற்றைப் பயிர்தான். அதனால் மாற்றிக்கொண்டே இருங்கள்: ஒரு நாள் சாமை, ஒரு நாள் கம்பங்கூழ், சோளத் தோசை, அரிசி சமைக்கும் நாளில் முடிந்தால் காட்டுயானம் என்ற பாரம்பரிய அரிசி. கடலோரத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டு ஓட்ஸைத் தேடிப் போக வேண்டாம்.

அப்புறம், கடையில் வரகு வாங்கும்போது எந்த ஊர் வரகு என்று கேளுங்கள். தெரியாது என்றால், அடுத்த முறை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.