பொய் சொல்வது கிறிஸ்தவ நெறியில் எப்போதாவது நியாயமாகுமா? ஒரு சாதிச் சான்றிதழை முன்வைத்து என் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கிறிஸ்தவ ஒழுக்கநெறியின்படி பொய் சொல்வது எந்தச் சூழ்நிலையிலாவது நியாயமாகுமா? அரசு விண்ணப்பத்தில் மதத்தை மாற்றி எழுதுவதும் பாவத்தில் சேருமா?"

இரண்டாவது வரி இல்லாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கேள்வியைக் கடந்து போயிருப்பேன். அந்த வரியைப் படித்தபோது, எங்களைப் போன்ற ஒரு குடும்பத்தில் பிறந்து, மதம் என்று அச்சிட்ட கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞராகவே நீங்கள் எனக்குத் தெரிந்தீர்கள். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் அந்த இளைஞருக்காகவே எழுதப்படுகிறது.

நான் கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிச் சாலையை ஒட்டிய ஓர் ஊரின் காலனியில் பிறந்த தலித் கத்தோலிக்கன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பங்கில், அதாவது எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த சபையில், நெடுங்காலம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவன். குருமடத்தில் இறையியல் படித்தவன் அல்லன். ஆகவே "நீ யார் இதைச் சொல்ல" என்று கேட்க நினைப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். நான் படித்ததையும், என் வீட்டில் நடந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

திருச்சபையின் பொதுவான போதனை கடுமையானது. "பிறருக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்லாதே" என்ற கட்டளையை விரித்துரைத்த புனித அகுஸ்தினார், பொய்யைப் பற்றி 395ஆம் ஆண்டையொட்டி ஒரு நூலும், 420ஆம் ஆண்டையொட்டி இன்னொரு நூலும் எழுதினார். பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, உயிரைக் காக்கும் பொய் உட்பட எதுவும் பாவமில்லாமல் இல்லை என்று முடிவு கூறினார். அவர் காட்டும் உதாரணம் பீர்முஸ் என்ற ஆயர். அடைக்கலம் தேடி வந்த ஒருவரை மறைத்து வைத்த அந்த ஆயரிடம் மன்னனின் ஆட்கள் வந்து கேட்டபோது, தம்மால் பொய்யும் சொல்ல முடியாது, அவரைக் காட்டிக் கொடுக்கவும் முடியாது என்று மறுத்து, சித்திரவதையைத் தாங்கிக்கொண்டார். அதைக் கண்டு வியந்த மன்னன் அந்த மனிதரை விட்டுவிட்டான். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த புனித தோமா அக்குவினாசும், பிறருக்கு உதவச் சொல்லும் பொய் அற்பப் பாவம்தான் என்று தணித்தாரே தவிர, பாவமே இல்லை என்று சொல்லவில்லை.

அப்படியானால் எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் பொய் சொன்ன மருத்துவப் பெண்கள் சிப்ராவுக்கும் பூவாவுக்கும் கடவுள் நன்மை செய்தார் என்று விடுதலைப் பயண நூல் சொல்வது ஏன்? ஒற்றர்களை மாடியில் ஒளித்துவிட்டு "போய்விட்டார்கள்" என்று சொன்ன இராகாபை யாக்கோபின் திருமுகம் நேர்மையாளராக ஏற்பது ஏன்? கடவுள் மெச்சியது அவர்களுடைய இரக்கத்தையே, பொய்யை அல்ல என்பது அகுஸ்தினாரின் விளக்கம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பொய்யை எடுத்துவிட்டால் அங்கே இரக்கம் எந்த வழியாக நடந்திருக்கும் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இன்றுவரை அதற்கு அகுஸ்தினாரிடமிருந்து எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

திருச்சபையே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், உண்மையை அறியும் உரிமை உள்ள ஒருவரைத் தவறாக நம்பச் செய்வதே பொய் என்று 2483ஆம் பத்தியில் கூறியது. 1997இல் வந்த திருத்திய பதிப்பில் "அறியும் உரிமை உள்ள" என்ற பகுதி நீக்கப்பட்டது. ஆனால் உண்மையை அறிய உரிமை இல்லாதவருக்கு அதை வெளிப்படுத்தும் கடமை யாருக்கும் இல்லை என்ற 2489ஆம் பத்தி அப்படியே இருக்கிறது. அதாவது, சொல்லாமல் இருக்கலாம். மாற்றிச் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பதற்கே இடம் தராமல் கட்டம் போட்டுக் கேட்கும் தாளிடம் என்ன செய்வது?

இனி என் வீட்டுக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு நான் விண்ணப்பித்தபோது, எங்கள் மீது உண்மையான அக்கறை கொண்ட ஒருவர், "இந்து ஆதிதிராவிடர் என்று எழுது, இடம் நிச்சயம்" என்றார். நான் கிறிஸ்தவன் என்றே எழுதினேன். எங்கள் மாநிலத்தில் தலித்துகளாக இருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே நான் என்னைவிட எல்லா வகையிலும் வசதியான பிள்ளைகளோடு போட்டியிட நேர்ந்தது. இடம் கிடைக்கத் தாமதமானது. அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

என் தம்பி வேறு முடிவெடுத்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவனுக்குப் புனிதர் பெயர்; பள்ளியில் தமிழ்ப் பெயர். இந்து ஆதிதிராவிடர் என்ற சான்றிதழுக்கு மனு கொடுத்ததும், விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வரப்போவதாகத் தலையாரி முந்தின நாள் சொல்லிவிட்டுப் போனார். அம்மா இயேசுவின் திரு இருதயப் படத்தை இறக்கி, சேலையில் சுற்றி நெல்குதிருக்குள் வைத்தார். அதே ஆணியில், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மளிகைக்கடை முருகன் நாட்காட்டி தொங்கியது. இரவல் கொடுத்த வீட்டில் யாருக்கும் எழுதப்படிக்கத் தெரியாது. அதில் தேதித்தாள் மாதக்கணக்கில் கிழிக்கப்படாமல் இருந்ததை எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

ஆய்வாளர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். "எந்தச் சாமிம்மா கும்பிடுறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். "எங்களப் படைச்ச சாமியத்தாங்க ஐயா" என்றார் அம்மா. அது பொய்யில்லை என்று அவர் பின்னாளில் என்னிடம் வாதாடியிருக்கிறார். ஆய்வாளர் எழுந்து உள்ளே வந்தார். நாட்காட்டியின் அருகே போய் நின்றார். பழைய தாள்களைக் கட்டாகப் பிடித்து, அன்றைய தேதி வரும்வரை கிழித்து, நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தம்பியிடம் பெயரைக் கேட்டார். அவன் பள்ளிப் பெயரைச் சொன்னான். கையெழுத்துப் போட்டுவிட்டு, காசு எதுவும் வாங்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் கிறிஸ்தவர் அல்லர். எங்களைக் காட்டிக் கொடுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

தம்பிக்கு அரசு வேலை கிடைத்தது. எங்கள் தங்கைகள் படித்ததும், வீடு ஓட்டு வீடானதும் அந்தச் சம்பளத்தில்தான். அவன் தன் ஊரிலுள்ள ஆலயத்துக்குப் போகாமல், யாரும் அடையாளம் காணாதபடி புதுச்சேரிக்கு வந்து, ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள இருதய ஆண்டவர் ஆலயத்தில் கடைசி வரிசையில் நின்று திருப்பலி காண்பான். தன் பிள்ளைகளின் முதல் நற்கருணைக்குக்கூட அவனால் சுற்றத்தாரை அழைக்க முடியவில்லை. பொய், சொன்னவனைத்தான் முதலில் காயப்படுத்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது, அவனைப் பார்த்த பிறகுதான்.

என் ஆத்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. பங்கில் எங்களைவிட மேலாகத் தங்களை நினைத்துக்கொள்ளும் ஒரு பெரியவர், என்னைச் சுட்டிக்காட்டி, "இவர் கிறிஸ்துவை மறுதலிக்காதவர்" என்று பலர் முன்னால் பாராட்டினார். அது என் தம்பியை அடிக்க என்னைக் கோலாகப் பயன்படுத்திய பாராட்டு. அவர் குடும்பத்தாரைப் புதைக்கும் இடத்தில் எங்கள் பிணத்துக்கு இடமில்லை.

1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத ஒன்றைப் பின்பற்றுபவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்கிறது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. அந்தப் பத்தியை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தும் பயனில்லை. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பதே இதற்கெல்லாம் அடியில் இருக்கும் வாதம். அது உண்மையா? புதுச்சேரியின் கத்தோலிக்க ஆலயமான சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களைப் பிரித்து நின்ற சுவர் 1745இல் இடிக்கப்பட்டதையும், அதற்குச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தது 2008 மார்ச் மாதத்தில். என் தம்பி எழுதிய தாளில் சாதி என்ற பகுதி உண்மை. மதம் என்ற பகுதி மட்டுமே பொய். சாதியே இல்லை என்று சொல்லிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கும் சபையின் பொய்க்கு எந்தத் தாசில்தாரும் விசாரணைக்கு வருவதில்லை.

மறுதலிப்பு என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழி கூவுவதற்கு முன், இயேசுவைத் தெரியாது என்று சொல்லிப் பேதுரு செய்தது அதுதான். ஆனால் சான்றிதழுக்காக விசுவாசத்தை மறைத்தவர்களைத் திருச்சபை முதன்முதலாகச் சந்தித்தது எங்கள் காலனியில் அல்ல. 250ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசன் தேசியுஸ், குடிமக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சித் தாள் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே அதிகாரிக்குப் பணம் கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும், கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் முன்னால் இவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். தாள் வாங்கியதும் பாவமே, அதற்கு மனம் வருந்த வேண்டும் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஆயினும் 251இல் கூடிய ஆயர்கள், தாள் மட்டும் வாங்கியவர்களைப் பலியிட்டவர்களோடு ஒரே தட்டில் வைக்க மறுத்து, ஒவ்வொருவரும் எந்த நிலையில் அதைச் செய்தார் என்று தனித்தனியாக விசாரித்துச் சேர்த்துக்கொண்டார்கள். எவரையும் சேர்க்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த உரோமைக் குரு நோவாசியான்தான் திருச்சபையைவிட்டு வெளியே போனார். அந்த விசாரணையை இன்றைய பங்குகளில் யாரேனும் நடத்துகிறார்களா? மறையுரையில் பொதுவாகத் திட்டுவதே நடக்கிறது.

என்னை எதிர்ப்பவர்கள் வைக்கும் வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் நான் தலைகுனிகிறேன். ஒதுக்கீட்டு இடங்கள் எண்ணி வைத்தவை. என் தம்பி பெற்ற இடம் இன்னொரு ஏழை இந்து தலித் பிள்ளைக்குப் போக வேண்டியதாக இருந்திருக்கலாம். ஒருவருக்கு உதவி இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் பொய்யை அகுஸ்தினார் தனி வகையாகவே விலக்கி வைக்கிறார். இராகாபின் பொய்யால் ஒற்றர்கள் பிழைத்தார்கள்; தம்பியின் பொய்யால் எங்கள் வீடு பிழைத்தது, ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டில் அதன் விலை கொடுக்கப்பட்டிருக்கலாம். ஆகவே உயிருக்குப் பாய்ந்து வருபவனிடம் சொல்லும் பொய்யோடு இதைச் சமமாக்க நான் துணியமாட்டேன். "புரைதீர்ந்த நன்மை" தரும் பொய்யை வள்ளுவர் வாய்மையின் இடத்தில் வைக்கிறாரே என்று பின்னூட்டத்தில் எழுத இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: குற்றமற்ற நன்மை என்று அவர் போட்ட நிபந்தனையைத் தம்பியின் சான்றிதழ் முழுமையாக நிறைவேற்றவில்லை.

சட்டத்தை ஏமாற்றச் சொல்லித் தருகிறேன் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், மேல்நிலை எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தொடுத்த வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குச் செல்பவர் ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் 26 நவம்பர் 2024 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் படித்த இரவு தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தான். அவன் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகியும் குரலில் நடுக்கம் இருந்தது. தவறான சான்றிதழ் என்று நிறுவப்பட்டால், அதைக் கொண்டு பெற்ற வேலையும் போகும்.

ஆகவே, விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு: கிறிஸ்தவர் என்றே எழுதுங்கள். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உங்களுக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று அந்த 1950ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாள் அனுசரிக்கும்போது பெயரை மறைக்காமல் போய் நில்லுங்கள். உங்கள் அப்பாவோ அண்ணனோ ஏற்கெனவே வேறு விதமாக எழுதி வாழ்ந்துவிட்டவராக இருந்தால், அவரை நியாயம் தீர்க்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. அவர் விரும்பினால், நிதானமாகக் கேட்கத் தெரிந்த ஒரு குருவிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் என் தம்பியை அப்படி அழைத்துச் சென்றேன். அந்தக் குரு அவனிடம் முதலில் கேட்டது, "உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா?" என்பதுதான்.