ரியாத்தில் இருக்கும் பங்களாதேஷ் நண்பரின் மகளுக்கு எந்தப் பள்ளி?

சகோதரருக்கு வணக்கம்.

உங்களோடு வேலை பார்க்கும் பங்களாதேஷ் நண்பருக்காக நீங்கள் எழுதிக் கேட்டது மனதுக்கு நிறைவாக இருந்தது. மகள் ஏழாம் வகுப்பு, டாக்டர் ஆக ஆசை. மகன் இரண்டாம் வகுப்பு. இருவரும் படிப்பது தனியார் ஆங்கிலப் பள்ளியில். ஆறாயிரம் ரியால் சம்பளத்தில் இனிமேல் கட்டி மாளாது. அங்குள்ள பங்களாதேஷ் சமூகத்தின் பள்ளிக்கு மாற்றுவதா, குடும்பத்தையே ஊருக்கு அனுப்பிவிடுவதா என்று அவர் தூக்கமில்லாமல் தவிப்பதாக எழுதியிருந்தீர்கள். இனி அவரிடமே பேசுவதுபோல எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் எடுத்துச் சொல்லுங்கள்.

பாய், முதலில் வீட்டுக் கணக்கு. வெளிநாட்டுத் தொழிலாளியோடு தங்கும் குடும்பத்தினருக்காக சவூதி அரசு வாங்கும் கட்டணம் 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கி, வருஷம் நூறு நூறாக ஏறி 2020-ல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வருஷத்துக்கு 14,400. உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதிக்கே போய்விடுகிறது. அதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில்தான் பள்ளியைத் தேட வேண்டும். பள்ளியின் கட்டணத் தாளில் இருக்கும் தொகை 15 சதவீத வாட் வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். வேன் காசையும் கூட்டுங்கள். ஒரு தந்தை இரண்டு பள்ளிகளின் தாளை என் மேசையில் வைத்து, ஒன்று ஆயிரம் ரியால் மலிவு என்றார். அந்தப் பள்ளி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. வேனைச் சேர்த்துக் கூட்டியபோது மலிவுப் பள்ளிதான் அதிகம் கேட்டது.

சரி, பணத்தை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு மகள் எங்கே படிக்கப் போகிறாள்? இதற்குப் பதில் தெரிந்தால் பள்ளி தானாகவே முடிவாகும். ரியாத்தில் உங்கள் சமூகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு: பங்களாதேஷ் தேசியப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி, அப்புறம் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் போகும் ஆங்கிலப் பிரிவு. முதல் வழியில் பத்தாம் வகுப்புக்கான எஸ்எஸ்சி, பன்னிரண்டாம் வகுப்புக்கான எச்எஸ்சி பொதுத் தேர்வுகளை டாக்கா கல்வி வாரியமே வெளிநாட்டு மையங்களில் நடத்துகிறது. இரண்டாவது வழி ஓ லெவல், ஏ லெவல் என்கிற பிரிட்டிஷ் தேர்வுகளுக்குப் போகும்.

மகள் ஊரில் டாக்டர் படிக்க வேண்டுமென்றால் தேசியப் பாடத்திட்டம்தான் என் பரிந்துரை. அங்கே மருத்துவ நுழைவுத் தேர்வுக் கேள்விகள் எச்எஸ்சி புத்தகங்களிலிருந்து வருகின்றன. ஏ லெவல் படித்த பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருக்காது. ஆனால் அது எச்எஸ்சிக்குச் சமம் என்று சமநிலைச் சான்று வாங்க வேண்டும், எச்எஸ்சி புத்தகங்களைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், கோச்சிங்குக்குச் செலவழிக்க வேண்டும். மலேசியாவோ பிரிட்டனோதான் குறி, அதற்குப் பணமும் இருக்கிறது என்றால் நானே ஆங்கிலப் பிரிவைச் சொல்லியிருப்பேன். உங்கள் நிலைமை அப்படி இல்லை.

ஆனால் மாற்றுவதென்றால் இப்போதே மாற்றுங்கள். ஒன்பதாம் வகுப்பில் வாரியப் பதிவு நடக்கும். அறிவியல், கலை, வணிகம் என்று பிரிவு எடுப்பதும் அப்போதுதான். ஒன்பதும் பத்தும் சேர்ந்துதான் எஸ்எஸ்சி. நடுவில் வந்து சேரும் பிள்ளை தடுமாறிப் போகும். எட்டாம் வகுப்பு முழுவதும் அவளுக்குப் பழகிக்கொள்ளக் கிடைக்க வேண்டும்.

எதில் பழக வேண்டும் என்கிறீர்களா? வங்காளத்தில். வீட்டில் சரளமாகப் பேசுகிறாள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எஸ்எஸ்சியில் வங்காளம் இரண்டு தாள், 200 மதிப்பெண். உங்கள் மகளைப் போலவே ஆங்கிலப் பள்ளியில் படித்த ஒரு பெண் பிள்ளையிடம், பாட்டிக்கு நாலு வரி கடிதம் எழுதச் சொன்னேன். பக்கத்தில் அவள் அம்மா. பரீட்சைக்கு உங்கள் மொழியில் 'பொரிக்கா' என்பீர்கள். எழுதும்போது அதில் 'க்ஷ' கூட்டெழுத்து வர வேண்டும். காதில் விழுந்தபடியே 'க்க' போட்டிருந்தாள் அந்தப் பிள்ளை. நாலு வரியில் இப்படி ஆறு இடம். அம்மா தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் தினமும் ஒரு பக்கம் எழுத வைத்தார்கள், ஒரு வருஷத்தில் பிள்ளை தேறிவிட்டாள். இதே சோதனையை இன்றிரவே உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே விட்டாலும் ஒட்டிக்கொள்வான். அக்கா போகும் பள்ளிக்கே அனுப்புங்கள், ஒரே வேனில் போய் வரட்டும்.

பள்ளியைப் பார்க்க மனைவியையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். பெண் பிள்ளைகள் பகுதிக்குள் அவர்தான் போக முடியும். ஒன்பது, பத்துக்குக் கணக்கும் வேதியியலும் எடுக்கும் ஆசிரியை எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று அவர் கேட்கட்டும். சமூகப் பள்ளிகளில் ஆசிரியைகள் பலர் கணவரின் இக்காமாவில் வந்தவர்கள். கணவருக்கு எக்ஸிட் அடித்து நாட்டை விட்டு அனுப்பிவிட்டால் வருஷ நடுவில் ஆசிரியையும் போய்விடுவார். அப்படிப் போனால் மாற்று ஏற்பாடு என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லட்டும். சோதனைக் குழாய்களில் தூசி படிந்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் கையில் இருப்பது எந்தப் பாடத்திட்டத்துப் புத்தகம் என்பதையும் கேளுங்கள். 2023-ல் ஊரில் புதிய பாடத்திட்டம் வந்தது, 2024-ல் ஆட்சி மாறிய பிறகு 2012-ம் ஆண்டுப் பாடத்திட்டத்துக்கே திரும்பினார்கள். பிரிவு இல்லாமல் ஒன்பதாம் வகுப்பு படித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் பிரிவு எடுக்க வேண்டியதாயிற்று. யாரோ கொடுத்த பழைய புத்தகத்தை நம்பி வீட்டில் படிக்க வைத்துவிடாதீர்கள்.

குடும்பத்தை ஊருக்கு அனுப்புவது தோல்வி இல்லை. எத்தனையோ நல்ல தகப்பன்கள் எடுத்த முடிவுதான் அது. அனுப்புவதாக இருந்தால் டிசம்பருக்குள் அனுப்புங்கள், அங்கே பள்ளி வருஷம் ஜனவரியில் தொடங்குகிறது. மகள் ஒன்பதில் பதிவு செய்த பிறகு மட்டும் வேண்டாம். கட்டணப் பாக்கி இருந்தால் டிசி வாங்குவது இழுத்துக்கொண்டே போகும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

எங்கே சேர்த்தாலும் பிள்ளைகளின் 17 இலக்கப் பிறப்புப் பதிவு எண் தேவைப்படும். இல்லையென்றால் தூதரகத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். எஸ்எஸ்சி சான்றிதழில் ஏறும் பெயரும் பிறந்த தேதியும்தான் பிள்ளையின் ஆயுசுக்கும் நிற்கும். வருகிற வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட், பிறப்புப் பதிவு, இக்காமா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மகள் பெயரையும் உங்கள் இருவர் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் திருத்திவிடலாம்.