அடங்கிப்போன மழலை

‘மகனுக்கு 14 மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை; கதவைச் சாத்தினால் திரும்புகிறான். ஏழாம் மாதம் வரை சத்தம் போட்டவன் இப்போது அமைதியாகிவிட்டான். குல்லா இல்லாமல் பனியில் தூக்கிப் போனதாலா? மேட்டுப்பாளையம் இறக்கத்தில் காது அடைத்ததாலா? மாமியார் பூண்டு எண்ணெய் விடுகிறார். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம்.’
– ஒரு தாய், கோத்தகிரி

பனியும் இறக்கமும் காரணமில்லை, விட்டுவிடுங்கள். இறக்கத்தில் அடைக்கும் காது எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும்.

‘அமைதியாகிவிட்டான்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்ற குழந்தைகளைப் போலவே சிரிக்கும், கத்தும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. தன் குரல் தன் காதில் சரியாக விழாததால், ‘பாபாபா’, ‘தாதாதா’ என்று அடுக்க வேண்டிய வயதில் இருந்த சத்தமும் அடங்கிப்போகும். கதவுச் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கதவு அசைவது கண்ணில் படும், அதிர்வு உடம்பில் தெரியும். அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்குக் கதவு கேட்கும், உங்கள் பேச்சு கேட்காது.

அப்பா கதையைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் தள்ளிப்போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தைக்குக் கேட்கும் குறையை 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்களைத் திட்டவில்லை அம்மா. இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

‘பேசுவானா’ என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயம். குறை இருந்தாலும், சீக்கிரம் காது கேட்கும் கருவி மாட்டிப் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பேசுகிறார்கள். கருவி போதாவிட்டால், உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை இருக்கிறது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். அதற்காக ஆறு வயது வரை காத்திருக்கச் சொல்லவில்லை!

வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுங்கள். கையால் ஜாடை காட்டுங்கள். ஜாடை காட்டினால் பேச்சு வராது என்று யூடியூபில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூண்டு எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். காதில் எண்ணெயும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் சோதனை சரியாக வராது.

இந்த வாரமே ஊட்டி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, காது கேட்கிறதா என்று பார்க்கும் ‘பெரா’ (BERA) சோதனை எங்கே, எப்போது என்று கேளுங்கள். தலையில் ஒயர் ஒட்டி, குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள்; வலிக்காது. சோதனை ஊட்டியில்தான் என்றால், அன்று பஸ்ஸில் அவனைத் தூங்கவிடாதீர்கள். வழியில் கட்டபெட்டு தாண்டினாலே கண் சொருகும். ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, எதையாவது காட்டிக்கொண்டே போங்கள்.